சுட்டும் பெயரும்: செர்பிய மொழியின் முதல் வாக்கியம்



எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் முதல் பாடத்தில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் இருக்கும். இது என்ன? இது புத்தகம். செர்பிய மொழியில் அந்தக் கேள்வி ‘ஷ்தா யெ ஒவோ?’ என்று வரும். பதில் ‘ஒவோ யெ க்ஞிகா.’ ஷ்தா என்றால் என்ன, ஒவோ என்றால் இது, க்ஞிகா என்றால் புத்தகம். நடுவில் நிற்கும் ‘யெ’ என்ற சின்னஞ்சிறு சொல்லுக்குப் பிறகு வருகிறேன். இந்தப் பாடத்தைக் குழந்தைப் பாடம் என்று எண்ணி, ஒரே நாளில் முடித்துவிட்டு, ஏழு வேற்றுமைகளின் வாய்பாடுகளுக்குப் பாய்ந்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். சில வாரங்களில் வாய்பாட்டின் எடை தாங்காமல் மொழியையே கைவிட்டுவிடுகிறார்கள். கண்முன் இருக்கும் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லும் இந்த எளிய வாக்கியத்துக்குள்ளேயே செர்பிய இலக்கணத்தின் முதுகெலும்பு அடங்கியிருக்கிறது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. இதை முழுமையாகக் கற்றவர்களுக்கு மீதிப் பாடங்கள் இதன் விரிவாக வரும். இதை அரைகுறையாகக் கடந்தவர்களுக்கு ஒவ்வொரு பாடமும் புதுச் சுமையாக வரும்.

ஒலிகளைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். நான் செர்பியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். புத்தகத்தைக் குறிக்கும் சொல்லில் ககரத்தை அடுத்து வரும் ஒலி நம் ‘ஞ’கரமே. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத் தடுமாறும் இடத்தில் நமக்குப் பிறவியிலேயே ஒரு தனி எழுத்து இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் எழுத்து கைகொடுக்காது. ‘ஆம்’ என்று சொல்லும் சொல்லையும், பெண்பாற் பெயருக்கு முன் வரும் ஒரு சுட்டுச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தா’ என்றே நிற்கும். முன்னது அதிர்வொலி, பின்னது வல்லொலி; செர்பியர் காதுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆகவே தொடக்கத்திலேயே செர்பியர்களின் சிரிலிக் எழுத்துகள் முப்பதையும் கற்றுக்கொள்வது நல்லது. ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி, ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்ற நேர்மையான முறை அது. எழுதியதை அப்படியே படிக்கலாம். கேட்டதை அப்படியே எழுதலாம். லத்தீன் எழுத்தும் அங்கே அன்றாடம் புழங்குகிறது. 2006ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அரசு வழக்குக்கு உரியதாகச் சிரிலிக்கைக் குறிப்பிடுகிறது; கடைப் பெயர்ப்பலகைகளிலும் புத்தகங்களிலும் இரண்டையும் காணலாம்.

இனிச் சுட்டுக்கு வருவோம். செர்பிய மொழியில் சுட்டு மூன்று. பேசுகிறவர் அருகில் இருப்பது ‘ஒவோ’. கேட்கிறவர் அருகில் இருப்பது ‘தோ’. இருவருக்கும் அப்பால் இருப்பது ‘ஒனோ’. ஆங்கிலத்தில் இரண்டே சுட்டு என்பதால் அதன் வழியாக இதைக் கற்பவர்கள் நடுச் சுட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் திணறுவார்கள். தமிழருக்கு அந்தத் திணறல் தேவையே இல்லை. அகரமும் இகரமும் உகரமும் சுட்டு என்று நம் இலக்கணம் முதலிலிருந்தே மூன்றை வைத்திருக்கிறது. தமிழகத்தின் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது என்ன?’ என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த ‘உது’ இருக்கும் இடத்தில் செர்பியரின் ‘தோ’ இருக்கிறது. இந்த ஒப்புமை ஒரு சொல்லோடு நிற்பதும் இல்லை. இகரத்திலிருந்து நாம் இங்கு, இப்படி, இவ்வளவு என்று சொற்களைக் கிளைக்க விடுவது போலவே, அவர்களும் சுட்டின் முதலொலியிலிருந்து ஒரு குடும்பத்தையே வளர்க்கிறார்கள். இவ்வளவு என்பது ‘ஒவோலிக்கோ’. நடுச் சுட்டுக்கு ‘தோலிக்கோ’. அவ்வளவு என்பது ‘ஒனோலிக்கோ’. முதல் பாடத்தின் மூன்று சுட்டுகளைப் பிடித்துக்கொண்டவர் இடம், தன்மை, அளவு மூன்றையும் குறிக்கும் சொற்களைப் பாதி கற்றுவிட்டார் என்றே சொல்லலாம்.

அடுத்து இந்த வாக்கியத்தின் மிக நுட்பமான பகுதி. செர்பிய மொழியில் பெயர்கள் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்று மூன்றாகப் பிரியும். புத்தகம் பெண்பால், ஜன்னல் ஆண்பால், கடிதம் நடுப்பால். ஆனால் அடையாளம் காட்டும் வாக்கியத்தில் ‘ஒவோ’ மட்டும் எதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. ‘ஒவோ யெ க்ஞிகா’ என்றால் இது புத்தகம். ‘ஒவோ யெ ப்ரோஸோர்’ என்றால் இது ஜன்னல். ‘ஒவோ யெ பிஸ்மோ’ என்றால் இது கடிதம். பொருள்கள் பலவானால்கூட ‘ஒவோ’ மாறாது. ‘யெ’ மட்டும் ‘ஸு’ ஆகும்: ‘ஒவோ ஸு க்ஞிகெ’, இவை புத்தகங்கள். மனிதரை அறிமுகப்படுத்தும்போதும் அதே நடுப்பால் சுட்டுதான்: ‘ஒவோ யெ மோய் ப்ராத்’, இது என் சகோதரன். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பேராசிரியரையும் இப்படித்தான் அறிமுகம் செய்வார்கள். நாமும் வீட்டில் ‘இது என் தம்பி’ என்று சொல்கிறோம் அல்லவா?

ஏன் இப்படி? இந்த இலக்கணத்துக்குள் ஒரு தெளிந்த சிந்தனை இருக்கிறது. பொருளைச் சுட்டும் கணத்தில் அதற்கு இன்னும் பெயர் சொல்லப்படவில்லை. பால் என்பது பொருளின் குணம் அன்று, பெயரின் குணம். பெயர் வரும்வரை பால் இல்லை. பெயர் வந்ததும் பால் வந்துவிடுகிறது. நம் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதே போன்ற ஒரு நிலையை எண்ணிப் பார்த்திருக்கிறது. தொலைவில் தெரிவது ஆளா மரக்கட்டையா என்று தெளியாதபோது எந்தச் சொல்லால் அதைக் குறிப்பது என்று அது விதி வகுக்கிறது. அங்கே பேசப்படுவது பேசுகிறவரின் ஐயம். செர்பிய வாக்கியத்தில் ஐயம் இல்லாவிட்டாலும் பெயருக்கு முந்தைய நிலை அதுவேதான். வாக்கியத்தின் அதிகாரம் சுட்டிடம் இல்லை, பின்னால் வரும் பெயரிடமே இருக்கிறது என்பதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. கதவுக்கு வெளியே நின்று ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டுமானால் செர்பியர் ‘தோ ஸாம் யா’ என்பார். ‘யா’ என்றால் நான்; ‘ஸாம்’ என்பது தன்மை ஒருமைக்கு உரிய வினை. வாக்கியம் ‘தோ’ என்ற சுட்டில் தொடங்கினாலும் வினை அதற்கு இணங்காமல் நானுக்கு இணங்கிவிடுகிறது.

சுட்டு பெயரோடு ஒட்டிக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. ‘இந்தப் புத்தகம்’ என்று சொல்லும்போது பெயர் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆகவே சுட்டும் அதன் பாலை ஏற்கவேண்டும். ‘ஒவாய் ப்ரோஸோர்’ இந்த ஜன்னல்; ‘ஒவா க்ஞிகா’ இந்தப் புத்தகம்; ‘ஒவோ பிஸ்மோ’ இந்தக் கடிதம். ‘இது புத்தகம்’ என்பதும் ‘இந்தப் புத்தகம்’ என்பதும் தமிழில் எப்படி இரு வேறு அமைப்புகளோ அப்படியே அங்கும். ‘இது’ தனித்து நின்று சுட்டும்; ‘இந்த’ பெயரோடு சேர்ந்து வரும். இந்த வேறுபாட்டைத் தமிழ் மனத்தோடு அணுகுகிறவர் ஒரு முறை கேட்டாலே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் என்பதால், அதை இடையில் வைத்துக் கற்பவர் ‘ஒவா யெ க்ஞிகா’ என்று தவறாகச் சொல்லப் பழகிவிடுவார். பெயருக்கு முன் ஒட்டிவரும் ‘a’, ‘the’ போன்ற சொற்களும் இம்மூன்றில் ஆங்கிலத்தில்தான் உண்டு. செர்பியத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

சரி, பெயரின் பாலை எப்படி அறிவது? தமிழில் பால் பொருளைப் பார்த்து வரும். செர்பியத்தில் பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்து வரும். தமிழர் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டிய முதல் செய்தி இதுதான். மெய்யில் முடிந்தால் ஆண்பால்: ‘ஹ்லெப்’ ரொட்டி, ‘ப்ரோஸோர்’ ஜன்னல், ‘க்ல்யூச்’ சாவி. ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால்: ‘வோதா’ தண்ணீர், ‘காஷிக்கா’ கரண்டி, ‘ஸ்தோலித்ஸா’ நாற்காலி. ஓகாரத்திலோ எகரத்திலோ முடிந்தால் நடுப்பால்: ‘ம்லெக்கோ’ பால், ‘யாயெ’ முட்டை. கரண்டிக்குள் பெண்மையைத் தேடி மூளையைக் கசக்க வேண்டாம். ஒரு பெயரைச் சுற்றி வரும் சொற்கள் எந்த ஓசையில் முடிய வேண்டும் என்று அந்தப் பெயர் இடும் கட்டளையே பால். ‘நோவ் ப்ரோஸோர்’, ‘நோவா காஷிக்கா’, ‘நோவோ பிஸ்மோ’ என்று புதுமையைக் குறிக்கும் அடைமொழி மூன்று ஈறுகளை எடுக்கிறது. ஒன்று என்ற எண்ணும் அப்படியே: ‘யெதான் ஹ்லெப்’, ‘யெத்னா காஷிக்கா’, ‘யெத்னோ யாயெ’. ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று எண்ணுப்பெயரையே பால் பிரித்துச் சொல்லும் தமிழருக்கு இது அந்நியமாகப் படக்கூடாது. வணக்கம் சொல்லும்போதும் இதே விதிதான் வேலை செய்கிறது. பகலில் ‘தோபர் தான்’ என்பார்கள்; பகலைக் குறிக்கும் சொல் மெய்யில் முடியும் ஆண்பால். காலையில் ‘தோப்ரோ யுத்ரோ’ என்பார்கள். காலை என்ற சொல் ஓகாரத்தில் முடியும் நடுப்பால். நல்ல என்ற ஒரே அடைமொழிதான் இரண்டிலும் உருமாறி நிற்கிறது.

புதிதாகக் கற்க வேண்டிய இரண்டாவது செய்தி அந்தச் சின்னஞ்சிறு ‘யெ’. ‘இது புத்தகம்’ என்று சொல்லத் தமிழில் வினை தேவையில்லை. ரஷ்ய மொழியிலும் நிகழ்காலத்தில் தேவையில்லை. செர்பியத்தில் கட்டாயம் தேவை. அதோடு இந்தச் சொல்லுக்குத் தனக்கென்று அழுத்தம் கிடையாது. முன்னால் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். அதன் இருக்கை வாக்கியத்தின் இரண்டாம் இடம். ‘க்ஞிகா யெ நோவா’ என்றால் புத்தகம் புதியது. எதைப் பற்றிய பேச்சு என்பது முன்பே தெரிந்திருந்தால் புத்தகத்தை விட்டுவிட்டுப் ‘புதியது’ என்று மட்டும் சொல்லலாம். அப்போது ‘யெ நோவா’ என்று வராது. ‘நோவா யெ’ என்றே வரும். முதலிடம் காலியானால் வேறொரு சொல் அங்கே வந்தாக வேண்டும். ‘யெ’ தன் இரண்டாம் இடத்தை விடாது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் இந்தப் பழைய ஒழுங்கைச் சுவிட்சர்லாந்து அறிஞர் யாகோப் வாக்கர்நாகல் 1892இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அறிஞர் உலகில் அது அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. செர்பிய மொழியில் அந்த ஒழுங்கு இன்றும் சமையலறையிலும் சந்தையிலும் உயிரோடு இருக்கிறது. மறுப்பு வடிவமான ‘நியெ’ அழுத்தம் பெறும் சொல். அதனால் இந்தக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. ‘ஒவோ நியெ க்ஞிகா, நெகோ ஸ்வெஸ்கா’ என்றால் இது புத்தகம் அல்ல, நோட்டு. ‘தா லி யெ ஒவோ க்ஞிகா?’ இது புத்தகமா? ‘யெஸ்தெ’ ஆம். ‘நியெ’ அல்ல.

இந்த ‘யெ’யை முதல் வாரத்திலேயே காதில் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும் பயனைப் பாருங்கள். செர்பிய மொழியின் இறந்தகாலம் இதே துணைவினையால் கட்டப்படுகிறது. சாவி விழுந்தது என்பது ‘க்ல்யூச் யெ பாஓ’. புத்தகம் விழுந்தது என்பது ‘க்ஞிகா யெ பாலா’. கடிதம் விழுந்தது என்பது ‘பிஸ்மோ யெ பாலோ’. அதே ‘யெ’, அதே இரண்டாம் இடம், பெயரின் பாலுக்கு ஏற்ப அதே ஈற்று மாற்றம். ‘க்ஞிகா யெ நோவா’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘க்ஞிகா யெ பாலா’ புது இலக்கணமே அல்ல. ஒரு சொல் மட்டுமே புதிது. குழந்தைக்கு ‘தெத்தெ’ என்று பெயர், அது நடுப்பால், குழந்தை விழுந்தது என்பதற்கு ‘தெத்தெ யெ பாலோ’ என்பார்கள். குழந்தையை அஃறிணை வினையால் பேசும் நமக்கு அதுவும் இயல்பாகவே ஒலிக்கும்.

இனி என் கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் மறுப்பு: ஈற்றைப் பார்த்துப் பால் சொல்லும் விதிக்கு விலக்குகள் இருக்கின்றனவே, அதை நம்பிக் கட்டலாமா? நியாயமான கேள்வி. மேசைக்கு ‘ஸ்தோ’ என்று பெயர், ஓகாரத்தில் முடிகிறது, ஆனால் ஆண்பால். உப்புக்கு ‘ஸோ’ என்று பெயர், அதுவும் ஓகாரத்தில் முடிகிறது, ஆனால் பெண்பால். அன்றாடம் கையில் படும் இரண்டு பொருள்களே விதியை மீறுகின்றன. சற்று உற்றுப் பார்த்தால் உண்மை விளங்கும். இந்த இரண்டு சொற்களும் பழங்காலத்தில் ‘ஸ்தோல்’, ‘ஸோல்’ என்று லகர மெய்யில் முடிந்தவை. குரோவாசியாவில் இன்றும் அப்படியே வழங்குகின்றன. செர்பிய வழக்கில் அசையின் ஈற்றில் நின்ற லகரம் ஓகாரமாகத் திரிந்துவிட்டது. சொல் நீளும்போது ஒளிந்திருந்த லகரம் வெளியே வந்துவிடும்: மேசைமேல் என்பது ‘நா ஸ்தோலு’. ஆக மேசை விதியை மீறவே இல்லை. மெய்யீற்று ஆண்பாலாகத்தான் இருக்கிறது. உப்பு, மெய்யில் முடிந்தும் பெண்பாலாக இருக்கும் ஒரு சிறு குழுவைச் சேர்ந்தது. இரவைக் குறிக்கும் ‘நோச்’ அதற்கு இன்னொரு உறுப்பினர். சற்று முன் சாவி விழுந்தபோது ‘பாஓ’ என்றும் புத்தகம் விழுந்தபோது ‘பாலா’ என்றும் வந்ததே, அதற்கும் இந்த லகரத் திரிபே காரணம். ஒரே விளக்கம் மேசையையும் உப்பையும் இறந்தகாலத்தையும் ஒருசேர அவிழ்த்துவிடுகிறது. விலக்குகள் இப்படிக் காரணத்தோடு நிற்கும்போது அவை விதிக்குப் பகை ஆவதில்லை. நீதிபதியைக் குறிக்கும் ‘ஸுதியா’ ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண்பாலாவது போன்ற சில இடங்களில் மனிதரைக் குறிக்கும் பொருள் ஈற்றை வெல்கிறது. அது தமிழருக்கு மிகவும் பழகிய வழி.

விதி உயிரோடு இருக்கிறது என்பதற்குக் கடன் சொற்களே சிறந்த சாட்சி. பல நூற்றாண்டு உதுமானிய ஆட்சியில் துருக்கியச் சொற்கள் செர்பிய வீடுகளுக்குள் நிறையப் புகுந்தன. துருக்கிய மொழியில் பெயருக்குப் பாலே கிடையாது. ஆயினும் சொல் செர்பிய வாசலைத் தாண்டியதும் ஈற்றைக் கொண்டு ஒரு பாலில் அமர்ந்துவிட்டது. மெய்யில் முடிந்த துருக்கியக் கரண்டி ஆகார ஈறு பெற்றுக் ‘காஷிக்கா’ என்ற பெண்பாலாயிற்று. சர்க்கரை ‘ஷெச்செர்’ என்ற ஆண்பாலாயிற்று. வடமொழிச் சர்க்கரையே பாரசீகம், துருக்கி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் நாவில் வழங்கும் சர்க்கரையும் அதே மூலத்தைச் சேர்ந்தது. பின்னாளில் வந்த ‘தெலெஃபோன்’ எவர் தீர்ப்புக்கும் காத்திராமல் ஆண்பாலில் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது மறுப்பு: செர்பிய மொழியின் கடினம் ஏழு வேற்றுமைகளில் அல்லவா இருக்கிறது? எழுவாய் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இது இது’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு நகருமா? வேற்றுமைகளைத் தவிர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. வேற்றுமைக்குப் போகும் வழி இதுதான் என்கிறேன். ஒரு பெயர் எந்த வாய்பாட்டைப் பின்பற்றும் என்பதை அதன் எழுவாய் ஈறும் பாலும் முடிவு செய்கின்றன. அவற்றை அறியாதவர் ஏழு வரிசைகளையும் மனப்பாடம் செய்தாலும் எதை எங்கே பொருத்துவதென்று தெரியாமல் நிற்பார். மேலும், அன்றாடப் பொருள்களைப் பொறுத்தவரை செயப்படுபொருள் வடிவம் ஒருமையில் பெரும்பாலும் எழுவாய் வடிவமாகவே இருக்கிறது. ஜன்னலைப் பார்க்கிறேன் என்பது ‘விதிம் ப்ரோஸோர்’. கடிதத்தைப் பார்க்கிறேன் என்பது ‘விதிம் பிஸ்மோ’. இரண்டிலும் பெயர் மாறவில்லை. ஆகார ஈற்றுப் பெண்பால் மட்டும் ‘விதிம் க்ஞிகு’ என்று உகரம் பெறுகிறது. ஆண்பாற் பெயர் உயிருள்ளதைக் குறித்தால் மாறும்: சகோதரனைப் பார்க்கிறேன் என்பது ‘விதிம் ப்ராத்தா’. இந்த வேறுபாட்டின் சாயல் தமிழிலும் இருக்கிறது. ‘ரொட்டி வாங்கினேன்’ என்று உருபில்லாமல் சொல்கிறோம். ‘அண்ணன் பார்த்தேன்’ என்று சொல்வதில்லை, ‘அண்ணனைப் பார்த்தேன்’ என்கிறோம். விளியோடு எட்டு வேற்றுமைகளை எண்ணிப் பழகிய மரபில் வந்தவர்கள் ஏழு வேற்றுமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்புதான் அதிகம் கேட்கப்படுவது: உண்மை வாழ்க்கையில் யார் மேசையைக் காட்டி ‘இது மேசை’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மேசையைக் காட்டி யாரும் கேட்பதில்லை என்பது சரி. ஆனால் பெயர் தெரியாத பொருளைக் காட்டிக் கேட்காமல் ஒரு புதிய நாட்டில் ஒரு நாளும் கழியாது. பெல்கிரேடின் கலெனிச் சந்தை போன்ற ஓர் இடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சிவந்த விழுது நிரம்பிய கண்ணாடிக் குப்பி ஒன்றை வாங்குகிறவர் கையில் எடுத்து ‘ஷ்தா யெ ஒவோ?’ என்று கேட்கிறார். கடைக்காரர் ‘தோ யெ ஐவார்’ என்கிறார். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து வதக்கிச் செய்யும் பண்டம் அது. குப்பி வாங்குகிறவர் கையில் இருப்பதால் அவருக்கு அது ‘ஒவோ’. கடைக்காரருக்கு அது கேட்கிறவர் பக்கத்துப் பொருள், ஆகவே ‘தோ’. ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு ‘உது’ என்று யாழ்ப்பாணத்தார் விடை தொடங்குவதைப் போல. அடுத்த கேள்வி ‘காரமா?’ என்பது. ஐவார் மெய்யில் முடியும் ஆண்பால், ஆகவே ‘தா லி யெ ல்யூத்?’ என்று கேட்க வேண்டும். பக்கத்தில் குவித்திருக்கும் மிளகாய்க்குப் ‘பாப்ரிக்கா’ என்று பெயர். அது பெண்பால், ஆகவே ‘தா லி யெ ல்யூத்தா?’ என்று ஈறு மாறும். பெயரைக் கேட்டு அறியாமல் காரமா என்றுகூடச் செவ்வையாகக் கேட்க முடியாது. ஆயத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர் அந்த வாக்கியங்கள் தீர்ந்ததும் வாயடைத்துப் போவார். இந்தக் கேள்வியைக் கற்றவருக்கோ சந்தையில் உள்ள ஒவ்வொருவரும் ஆசிரியர். இவை எல்லாவற்றையும் கைப்பேசி சொல்லிவிடாதா என்று கேட்கலாம். கைப்பேசி பெயரைச் சொல்லும். அந்தப் பெயரைச் சுற்றி வாக்கியம் கட்டும் வேலையை மனிதர்தான் செய்தாக வேண்டும். அதற்கு வேண்டிய பழக்கத்தைக் கேட்டும் சொல்லியும் மட்டுமே பெற முடியும்.

அன்றாடப் பொருள்களின் பெயரை அற்பமாக எண்ணுகிறவர்களுக்குச் செர்பிய மொழியின் வரலாறே விடை சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த செர்பியர்கள் எழுதிய மொழி, தேவாலய ஸ்லாவியமும் ரஷ்யமும் கலந்த ஏட்டு மொழி. அடுப்படியிலும் வயலிலும் பேசிய மொழிக்கும் அதற்கும் வெகு தூரம். த்ர்ஷிச் என்ற சிற்றூரில் 1787இல் பிறந்த வூக் ஸ்தெஃபானோவிச் கரஜிச் இந்தத் தூரத்தை ஏற்க மறுத்தார். மொழியறிஞர் கோபிதாரின் ஊக்கத்தால் 1814இல் வியன்னாவில் மக்கள் மொழிக்கு ஒரு சிறு இலக்கணத்தையும், 1818இல் 26,000க்கும் மேற்பட்ட சொற்களோடு ஓர் அகராதியையும் வெளியிட்டார். ஜெர்மனிலும் லத்தீனிலும் பொருள் தந்த அந்த அகராதி, ஊர்மக்களின் வீடும் வயலும் வழக்கமும் புழங்கிய சொற்களை எழுத்தில் ஏற்றியது. ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் க்ரிம் கரஜிச்சின் இலக்கணத்தை 1824இல் ஜெர்மனில் வெளியிட்டார். தேவாலயத்தாரும் கற்றறிந்தாரும் கரஜிச்சைக் கடுமையாக எதிர்த்தார்கள். நாட்டுப்புறத்தான் மொழி என்று இகழ்ந்தார்கள். கரஜிச் 1864இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1868இல், ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்ற அவருடைய எழுத்துமுறை செர்பியாவில் அரசு ஏற்பைப் பெற்றது. இன்று நாம் கற்கும் செர்பியம், ரொட்டியையும் கரண்டியையும் மக்கள் எப்படிப் பெயரிட்டு அழைத்தார்களோ அந்த வழக்கின்மீது எழுப்பப்பட்டது. அந்த மொழிக்குள் நுழைய விரும்புகிறவர் அதே வழக்கிலிருந்து தொடங்குவதே முறை.

கடைசியாக ஒரு மறுப்பு. செர்பியம், குரோவாசியம், பொஸ்னியம், மாண்டினிக்ரோ மொழி என்று நான்கு பெயர்கள் வழங்குகின்றனவே. பொருளின் பெயரைக் கற்றால் எல்லை தாண்டியதும் அது பயனற்றுப் போகாதா? சில பெயர்கள் மாறுவது உண்மை. பெல்கிரேடில் ரொட்டி ‘ஹ்லெப்’. குரோவாசியாவின் ஸாக்ரெபில் ‘க்ரூ’ என்ற சொல்லை மெல்லிய ஹகரத்தோடு முடிப்பார்கள். கரண்டிக்கும் அங்கே வேறு சொல். என்ன என்ற வினாவும் அங்கே எழுத்துமொழியில் ‘ஷ்தோ’ ஆகும். ஒவ்வொரு சமூகமும் தன் மொழிக்கு இட்ட பெயரை மதிப்பது நம் கடமை. ஆனால் சுட்டு, ‘யெ’யின் இடம், ஈற்றால் அமையும் பால், அடைமொழியின் இணக்கம் ஆகிய சட்டகம் எங்கும் ஒன்றே. பெயர்கள் மாறும் இடத்தில், பெயரைக் கேட்டு வாங்கத் தெரிந்தவரே முன்னேறுவார். ஆக இந்த மறுப்பும் என் பக்கமே வந்து சேர்கிறது.

அன்பர்களே, இவ்வளவு சொன்ன பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன். முதல் மாதம் வாய்பாடுகளைத் திறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உள்ள பொருள்களின் பெயர்களைச் சிரிலிக்கில் எழுதி அவற்றின் மேலேயே ஒட்டுங்கள். எந்தப் பெயரையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஒவோ யெ’ என்று தொடங்கி ஒரு முறை, ‘ஒவாய், ஒவா, ஒவோ’ மூன்றில் உரியதைச் சேர்த்து ஒரு முறை, புதியது என்ற அடைமொழியோடு ஒரு முறை, இல்லை என்று மறுத்து ஒரு முறை, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பால் தவறினால் உங்கள் காதே உங்களைத் திருத்தும் நாள் வரும். அன்று இரண்டாம் வேற்றுமையைத் தொடங்குங்கள். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேராகச் செர்பியத்துக்குச் செல்லுங்கள். மூன்று சுட்டும், உருபேற்கும் பெயரும், இடம் காட்டும் வினையீறும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை ஈற்றால் அமையும் பாலும், இரண்டாம் இடத்தை விடாத ‘யெ’யும்தான். அந்த இரண்டையும் முதல் வாக்கியமே கற்றுத் தருகிறது. அதை அவசரப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.